கொடிப் பெட்டி: நூல் சக்கரம் அருமை, மாநிலப் பக்கம் பிழை

ஆகஸ்டு பிறப்பதற்கு முன்பே கிருஷ்ணகிரியில் எழுதுபொருள் கடைகளின் வாசலில் கொடித் தோரணங்களும் சட்டையில் குத்திக்கொள்ளும் சின்னக் கொடிகளும் தொங்கத் தொடங்கிவிடும். அந்தச் சரக்கோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. ஐந்து முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு நாட்டுக் கொடி, உறுதிமொழி, மாநிலச் சின்னங்கள் ஆகியவற்றைச் செய்முறையாகக் கற்றுத் தருவதாகச் சொல்லும் அட்டைப் பெட்டி அது. பெங்களூரு சாலையில் உள்ள ஒரு கடையில் 450 ரூபாய் கொடுத்து அதை வாங்கினேன். வேப்பனப்பள்ளிப் பக்கம் நான் பணியாற்றும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளிடம் ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கிட்டத்தட்ட இதே அமைப்பில் வெவ்வேறு பெயர்களில் பெட்டிகள் விற்கப்படுகின்றன; நான் சொல்லப்போகும் குறைநிறைகள் பெரும்பாலும் அந்த வகை முழுவதற்கும் பொருந்தும் என்பதால் தயாரித்தவரின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

பெட்டிக்குள் ஒரு துணிக் கொடியும் அதற்கான மரத் தண்டும் பீடமும், விளிம்பில் வெட்டுகள் போட்ட ஒரு வட்ட அட்டையும் கருநீல நூற்கண்டும், வண்ணம் தீட்டும் தாள்களும், படமும் செய்தியும் அச்சிட்ட அட்டைக் கட்டும், சுவரில் மாட்டும் உறுதிமொழிப் படமும், ஒட்டிகளும், ஒரு நிமிட மணல் கடிகையும், பெற்றோருக்கும் ஆசிரியருக்குமான சிறு கையேடும் இருக்கின்றன. கைப்பேசியில் படம் பிடித்தால் உறுதிமொழியின் ஒலிப்பதிவு வரும்படி ஒரு கியூஆர் குறியீடும் மூடியின் உட்புறத்தில் அச்சிடப்பட்டுள்ளது. விலைக்கு இவ்வளவு பொருள்கள் அதிகம்தான். ஆனால் பயன்படுத்தப் பயன்படுத்த, இந்தப் பெட்டியை இரண்டு வெவ்வேறு ஆட்கள் செய்தார்களோ என்ற ஐயம் எனக்கு வந்துவிட்டது. ஒருவர் குழந்தைகளோடு உட்கார்ந்து பழகியவர். மற்றவர் அமெரிக்கப் பெட்டி ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் இருந்த கட்டங்களை நம் செய்திகளால் நிரப்பியவர்.

முதலாமவர் செய்த வேலையில் தலைசிறந்தது நூல் சக்கரம். உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய தடித்த வெள்ளை அட்டை வட்டம். விளிம்பைச் சுற்றி 24 வெட்டுகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 1 முதல் 24 வரை எண்கள். நூலை 1-இல் மாட்டி நேர் எதிரே 13-க்கு இழுக்க வேண்டும். பின்புறமாக 14-க்கு நகர்த்தி, அங்கிருந்து 2-க்கு இழுக்க வேண்டும். இப்படியே போனால் அசோகச் சக்கரத்தின் 24 ஆரங்களும் அட்டையில் எழுந்து நிற்கும். நடுவில் நூல்கள் குவிந்து புடைக்கும் இடத்தை மூட ஒரு சின்ன நீலப் பொத்தானும் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பாதி வேலையில் நிறுத்தி, விரலால் எண்ணிப் பார்த்துவிட்டு, “டீச்சர், ஒரு தடவ இழுத்தா ரெண்டு கம்பி வருது!” என்றாள். பன்னிரண்டு முறை இழுத்தால் இருபத்து நான்கு ஆரங்கள் வரும் என்பதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதற்குப் பிறகு எந்த எண்ணுக்கு எந்த எண் எதிரே வரும் என்பதைக் குழந்தைகளே கண்டுபிடித்தார்கள். பன்னிரண்டைக் கூட்டினால் போதும் என்று இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அறிவித்தபோது, கணக்குப் பாடத்தையும் அங்கேயே முடித்துக்கொண்டேன்.

கொடி வரையச் சொன்னால் பெரும்பாலான குழந்தைகள் சக்கரத்தில் எட்டுக் கோடுகளோடு நிறுத்திவிடுவார்கள். பெரியவர்கள் வரையும் சுவர்ப் படங்களிலும் எண்ணிக்கை சரியாக இருப்பது அரிது. இந்த அட்டையில் நூல் சுற்றிய குழந்தைகள் அதன்பின் ஒருமுறையும் எட்டோடு நிறுத்தவில்லை. தாளில் வரையும்போது கடிகார முகத்தைப் போல முதலில் பன்னிரண்டு கோடு போட்டு, ஒவ்வொரு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இன்னொரு கோடு போடச் சொல்கிறது கையேடு. அந்த வழியும் எளிதாகப் பிடிபடுகிறது. பெட்டியில் வேறெதுவும் இல்லாமல் இந்தச் சக்கரம் மட்டும் தனியாக விற்றாலும் வாங்கச் சொல்வேன்.

துணிக் கொடியும் நன்றாக இருக்கிறது. அளவுகோலை வைத்துப் பார்த்தேன். நீளம் 45 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர். நம் கொடிச் சட்டத்தொகுப்பு சொல்லும் மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தோடும், அது வகுத்திருக்கும் அளவுகளில் ஒன்றோடும் இது அப்படியே பொருந்துகிறது. பட்டை ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் என்பதால் குழந்தைகளே அளந்து சரிபார்க்க முடிகிறது. துணி பாலியஸ்டர்தான். கதராக இல்லையே என்று கேட்பவர்கள் இருக்கலாம். 2021 டிசம்பர் 30 அன்று சட்டத்தொகுப்பைத் திருத்தியபோது இயந்திரத்தில் நெய்த கொடிக்கும் பாலியஸ்டருக்கும் இசைவு தரப்பட்டுவிட்டது என்பதால் இதில் பிழை காண இடமில்லை.

கையேட்டில் நான்கு படங்களில் கொடியை மடிக்கும் முறையைத் தந்திருக்கிறார்கள். கொடியை நீளவாக்கில் விரித்து, காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் மடித்துவிட்டு, சக்கரமும் சிறிதளவு காவியும் பச்சையும் மட்டும் மேலே தெரியும்படி இரண்டு ஓரங்களையும் நடுவை நோக்கி மடிக்க வேண்டும். பிறகு இரு கைகளிலும் ஏந்திக் கொண்டுபோக வேண்டும். இதை நான் செய்து காட்டிய உடனே, எப்போதும் கடைசி வரிசையில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் பையன் முன்னால் வந்தான். தொடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கைகளையும் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். அவனிடம் மரியாதையைப் பற்றி நான் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை. தன் முறைக்குக் காத்திருந்த மற்றக் குழந்தைகளும் கையைத் துடைத்தார்கள். மரியாதை என்று தனித் தலைப்புப் போட்டு அட்டையில் எழுதியிருக்கும் ஐந்து வாக்கியங்களைவிட இந்த மடிப்பு வேலை எனக்குப் பயன்பட்டது.

வண்ணங்களைப் பற்றிய அட்டையைத் தயாரித்தவரைப் பாராட்டியே ஆக வேண்டும். காவி இன்ன மதத்துக்கு, பச்சை இன்ன மதத்துக்கு என்று பிரித்துச் சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் ஆசிரியர்களிடையேகூட இருக்கிறது. உருதும் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளிலிருந்து வரும் குழந்தைகள் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கும் எங்கள் வகுப்பில் அப்படிச் சொன்னால், பச்சையும் காவியும் அந்த நிமிடமே ‘உன்னது, என்னது’ ஆகிவிடும். 1931-இல் காங்கிரஸ் மூவண்ணக் கொடியை ஏற்றபோதே இந்த வண்ணங்களுக்கு மதப் பொருள் இல்லை என்று தெளிவுபடுத்திவிட்டது. சக்கரத்தோடு கூடிய இன்றைய கொடியை அரசமைப்பு அவை 1947 ஜூலை 22 அன்று ஏற்றபோது, காவிக்குத் துறவையும் வெண்மைக்கு வாய்மையின் ஒளியையும் பச்சைக்கு மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவையும் பொருளாகச் சொன்னவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். அட்டையும் அதையே எளிய சொற்களில் தருகிறது. மண்ணும் பயிரும் என்றவுடன் கேழ்வரகுக் காட்டையும் மாந்தோப்பையும் பற்றிப் பேசத் தொடங்கிவிடும் பிள்ளைகளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வண்ணம் தீட்டும் தாளில்தான் முதல் சறுக்கல். ஏ4 தாளின் நான்கு ஓரங்களையும் தொடும்படி கொடியை அச்சிட்டிருக்கிறார்கள். தாள் 29.7 சென்டிமீட்டர் நீளமும் 21 சென்டிமீட்டர் அகலமும் உடையது; அதை முழுதும் நிரப்பினால் மூன்றுக்கு இரண்டு வராது, கொடி கொஞ்சம் கட்டையாகத் தெரியும். பக்கத்திலேயே துணிக் கொடியை அளந்து பார்க்கச் சொல்லிவிட்டு, தாளில் வேறு விகிதத்தைத் தருவது குழந்தைகளைக் குழப்பும். வெற்றுத் தாளை எடுத்துக் கீழே 1.2 சென்டிமீட்டர் வெட்டிவிட்டால் சரியான விகிதம் கிடைத்துவிடும். பட்டை ஒவ்வொன்றும் 6.6 சென்டிமீட்டர் என்று கோடு போட்டுக் கொடுத்தால் போதும். நான் அப்படித்தான் செய்தேன். அச்சிட்ட தாள்களின் பின்புறத்தைக் கிறுக்குவதற்கு வைத்துக்கொண்டோம்.

உறுதிமொழிப் பகுதிக்கு வந்தால் குறைகள் கூடுகின்றன. சுவர்ப் படத்தில் இருக்கும் சிறுவனும் சிறுமியும் வலக் கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். நம் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் உறுதிமொழி சொல்லும்போது வலக் கையை முன்னால் நீட்டித்தான் நிற்போம். நெஞ்சில் கை வைப்பது அமெரிக்கப் பள்ளிகளில் அந்நாட்டுக் கொடிக்கு உறுதி சொல்லும் முறை. படத்தைப் பார்த்ததும் முன்வரிசைக் குழந்தைகள் சிலர் நெஞ்சில் கை வைத்தார்கள். மற்றவர்கள் கையை நீட்டினார்கள். எது சரி என்று என்னைப் பார்த்தார்கள். படத்தில் உள்ள கையின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டி, நீட்டிய கையை வரைந்து சமாளிக்க வேண்டியதாயிற்று.

ஒலிப்பதிவு இன்னும் மோசம். பின்னால் முரசொலி முழங்க, ஓர் ஆண் குரல் மூச்சு விடாமல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஓடுகிறது. ஆறு வயதுக் குழந்தையால் அந்த ஓட்டத்தில் சேர முடியாது. “இந்தியா எனது நாடு” என்பது ஒரு மூச்சு. “இந்தியர் அனைவரும் என் உடன் பிறந்தவர்கள்” என்பது இன்னொரு மூச்சு. பழம்பெருமை, பன்முக மரபு என்று வரும் நீண்ட வாக்கியத்தையோ மூன்றாக உடைத்துத்தான் சொல்ல வேண்டும். தலைவன் சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் முறை நம் பள்ளிகளில் இருப்பதே இதற்காகத்தான். ஒலிப்பதிவிலும் ஒவ்வொரு தொடருக்குப் பின்னும் குழந்தைகள் திருப்பிச் சொல்ல இடைவெளி விட்டிருந்தால் வீட்டில் பெற்றோருக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும். முழுவதையும் தடங்கலின்றி ஒப்பித்தால் தங்கப் பதக்க ஒட்டி, பாதி ஒப்பித்தால் வெள்ளிப் பதக்க ஒட்டி என்று கையேடு சொல்கிறது. பெற்றோரையும் ஆசிரியரையும் மூத்தோரையும் மதிப்பேன், எல்லாரிடமும் அன்பும் மரியாதையும் காட்டுவேன் என்று சொல்லும் உறுதிமொழியை, திக்காமல் சொன்னவனுக்கு ஒன்று, திக்கியவனுக்கு வேறொன்று என்று அளந்து கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அந்த ஒட்டிகளை நான் எடுத்து வைத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வாரத்துக்கு ஒரு வரி என்று எடுத்துக்கொண்டோம். மூத்தோரை மதிப்பேன் என்ற வரியின் வாரத்தில் சத்துணவுச் சமையலறை அக்காவுக்கு வணக்கம் சொல்லாமல் யாரும் தட்டை நீட்டக்கூடாது என்ற சட்டத்தைப் பிள்ளைகளே போட்டார்கள். அவரும் வெட்கத்தோடு பதில் வணக்கம் சொல்லப் பழகிக்கொண்டார்.

உறுதிமொழி அட்டையில் எழுதியவர் பெயரே இல்லை. இது சிறிய குறையாகத் தெரியலாம். எங்கள் பகுதிக்கு இது பெரிய இழப்பு. இந்திய உறுதிமொழியை 1962-இல் விசாகப்பட்டினத்தில் கருவூல அலுவலராக இருந்த பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ் தெலுங்கில் எழுதினார். மறு ஆண்டு அங்கேயே ஒரு பள்ளியில் அது வாசிக்கப்பட்டது. 1965 ஜனவரி 26 முதல் நாடெங்கும் பள்ளிகளில் சொல்லப்படுகிறது. வேப்பனப்பள்ளிச் சுற்று வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைகள் ஏராளம். பள்ளிக்கு வந்த புதிதில் தமிழ்ச் சொல் வராமல் வாயை மூடிக்கொண்டிருப்பவர்களும் அவர்களே. உறுதிமொழி முதலில் தெலுங்கில் எழுதப்பட்டது, எழுதியவர் ஓர் அரசு அலுவலர் என்று சொன்னபோது அப்படிப்பட்ட சிறுமி ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். மறுநாள், “எங்க அவ்வாகிட்ட சொன்னேன், அவ்வாவுக்கே தெரியல” என்று வகுப்புக்கே கேட்கும்படி சொன்னாள். அட்டையின் பின்புறம் முழுவதும் வெறுமையாகக் கிடக்கும்போது இந்த இரண்டு வரியை அச்சிட இடமில்லாமல் போனது ஏன் என்று விளங்கவில்லை.

இனி, பெட்டியின் மிகப் பெரிய பிழைக்கு வருகிறேன். “நம் மாநிலக் கொடியும் மாநில உறுதிமொழியும்” என்ற தலைப்பில் ஓர் இரட்டைப் பக்க அட்டை இருக்கிறது. ஒரு பக்கத்தில் வெள்ளைப் பின்னணியில் கோபுரச் சின்னம் பொறித்த ஒரு கொடி. அடியில் ‘தமிழ்நாட்டின் கொடி’ என்று எழுதியிருக்கிறது. மறுபக்கத்தில், இந்தியா என்று வரும் இடத்தில் தமிழ்நாடு என்று மாற்றிப்போட்டு, நம் உறுதிமொழியைச் சுருக்கி எழுதிய நான்கு வரிகள். இரண்டுமே அரசு ஏற்றவை அல்ல. தமிழ்நாட்டுக்கு அதிகாரப்பூர்வமான கொடி கிடையாது. மாநில உறுதிமொழி என்று பள்ளிகளில் சொல்லப்படுவதும் எதுவும் இல்லை. 1970-இல் அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி, மேல் மூலையில் மூவண்ணக் கொடியும் கீழே கோபுரச் சின்னமும் கொண்ட ஒரு கொடி வடிவத்தை முன்வைத்தது உண்டு. அது நடைமுறைக்கு வரவில்லை. இந்தப் பெட்டியில் உள்ளது அந்த வடிவமும் இல்லை. இணையத்தில் யாரோ வரைந்து உலவவிட்ட படம்.

இந்தப் பக்கம் எங்கிருந்து முளைத்தது என்று ஊகிப்பது கடினமில்லை. அமெரிக்காவில் மாநிலம் ஒவ்வொன்றுக்கும் தனிக் கொடி உண்டு. டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பள்ளிக் குழந்தைகள் நாட்டுக் கொடிக்கு உறுதி சொன்ன பிறகு மாநிலக் கொடிக்கும் தனியாக உறுதி சொல்வார்கள். அங்கே விற்கும் குழந்தைகளுக்கான பெட்டிகளில் மாநிலக் கொடி, மாநில உறுதிமொழி என்று இரண்டு கட்டங்கள் இருப்பது இயல்பு. அதைப் பார்த்துச் செய்தவர், நம்மிடம் இல்லாத பொருளுக்கும் கட்டம் ஒதுக்கிவிட்டு, வெறுமையாக விட மனமில்லாமல் எதையோ இட்டு நிரப்பிவிட்டார் என்றே நினைக்கிறேன். நெஞ்சில் வைத்த கையும் அந்த வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்கு அது அவர்கள் ஊர் வழக்கம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம் பிள்ளைகளிடம் அதைக் கொண்டுவந்து இதுவே நம்முடையது என்று சொல்வதுதான் தவறு. ஆறு வயதில் மனத்தில் பதிந்த படத்தை அழிப்பது எளிதில்லை. இந்த வெள்ளைக் கொடியைப் பள்ளிச் சுவரில் வரைந்துவைக்கும் ஆசிரியர் ஒருவர் எங்காவது கிளம்பிவிடுவார் என்ற அச்சம் எனக்கு உண்டு.

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. ஓசூர் தாண்டிக் கர்நாடகத்தின் அத்திப்பள்ளிக்குப் போனால் ஆட்டோக்களிலும் கடை வாசல்களிலும் மஞ்சள் சிவப்புக் கொடி பறக்கும். கர்நாடகம் உருவான நாளான நவம்பர் 1-ஆம் தேதி என்றால் தெருவெல்லாம் அதுதான். கட்டட வேலைக்கும் பூச்சந்தைக்கும் பெங்களூரு போய்வரும் பெற்றோரோடு சென்ற குழந்தைகள் அதைப் பார்த்திருக்கிறார்கள். “அவங்களுக்கு இருக்குது, நமக்கு இல்லையா சார்?” என்று மூன்றாம் வகுப்புப் பையன் பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கேட்டானாம். நேர்மையான விடை இருக்கிறது. 1960-களிலிருந்து கன்னட மக்கள் தங்கள் அடையாளமாகப் பறக்கவிடும் கொடி அந்த மஞ்சள் சிவப்பு. 2018 மார்ச்சில் கர்நாடக அமைச்சரவை மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஆகிய மூன்று பட்டைகளோடும் நடுவில் இரட்டைத் தலைக் கண்டபேருண்டப் பறவையோடும் வேறொரு வடிவத்தை ஏற்று, ஒன்றிய அரசின் ஒப்புதலுக்கு அனுப்பியது. நாட்டிலேயே சட்டப்படி தனிக் கொடி வைத்திருந்தது ஜம்மு காஷ்மீர் மட்டும்தான். 2019-இல் அந்த நிலையும் மாறிவிட்டது. இவ்வளவையும் குழந்தையிடம் சொல்ல வேண்டியதில்லை. “அது அவங்க ஊர் மக்கள் ஆசையா வச்சிருக்கிற கொடி. நமக்குச் சின்னம் இருக்கு, பாட்டு இருக்கு” என்று அந்த ஆசிரியர் சொன்னாராம். குழந்தைக்கு அது போதும். அந்தச் சின்னத்தையும் பாட்டையும் இந்த அட்டை காட்டியிருக்கலாம்.

காட்டியிருந்தால் எவ்வளவு வாய்ப்பு! தமிழ்நாடு அரசின் சின்னத்தில் கோபுரத்தின் இரண்டு பக்கமும் நாட்டுக் கொடி இருக்கிறது. கீழே ‘வாய்மையே வெல்லும்’ என்று எழுதியிருக்கிறது. பாடநூலைத் திறந்து, இந்தச் சின்னத்துக்குள் எத்தனை கொடி ஒளிந்திருக்கிறது என்று கேட்டால் ஒன்றாம் வகுப்பே பாய்ந்து தேடும். நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். பாட்டு என்றால் தமிழ்த்தாய் வாழ்த்து. 2021 டிசம்பர் 17 அன்று அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது; 55 வினாடியில் பாட வேண்டும், மாற்றுத்திறனாளிகள் தவிர மற்ற அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று ஆணையும் இருக்கிறது. நாட்டுப்பண்ணுக்கு 52 வினாடி. பெட்டியில் உள்ள மணல் கடிகையை நாட்டுப்பண்ணுக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது கையேடு. நாங்கள் இரண்டுக்கும் கவிழ்த்து வைத்தோம். மணல் தீரும் முன்பே பாட்டு முடிகிறதா என்று பார்க்கும் ஆசையில், இழுத்து இழுத்துப் பாடும் எங்கள் பள்ளிக் குழு கொஞ்சம் சுறுசுறுப்பானது. கொடிக்கும் மாநிலத்துக்கும் உள்ள தொடர்பைச் சொல்ல நல்ல செய்தி வேண்டுமென்றால் அதுவும் இருக்கிறது: ஆகஸ்டு 15 அன்று மாநிலத் தலைநகரில் முதலமைச்சர் கொடியேற்றும் உரிமை 1974-இல்தான் வந்தது. அதுவரை ஆளுநர்களே ஏற்றிவந்தார்கள்; கேட்டுப் பெற்றவர் அன்றைய தமிழ்நாட்டு முதலமைச்சர். வெள்ளைக் கொடிப் படத்தை நீக்கிவிட்டு இதை அச்சிட்டால் பக்கம் நிறைந்துவிடும்.

மாநிலச் சின்னங்கள் பற்றிய மற்ற அட்டைகளில் செய்திகள் சரியாக இருக்கின்றன. வரையாடு, மரகதப் புறா, செங்காந்தள், பலா, கபடி எல்லாம் உண்டு. 2019-இல் சேர்ந்த தமிழ் மறவன் பட்டாம்பூச்சியையும் மறக்கவில்லை. பனை என்று எழுதிவிட்டுத் தென்னை மரத்தின் படத்தைப் போட்டதை மட்டும் எங்கள் பிள்ளைகள் மன்னிக்கவில்லை. நுங்கு வெட்டித் தின்று வளர்ந்தவர்களிடம் இந்த வேலை நடக்குமா? அட்டையைக் காட்டிய அதே நொடியில் சிரித்துவிட்டார்கள்.

கொடி ஒட்டிகளை வகுப்பில் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. முதல் நாளே தண்ணீர்ப் புட்டியிலும் செருப்பு வாரிலும் ஒட்டப்பட்டு, மாலையில் தரையில் கிடந்தன. காகிதக் கொடியைக்கூட விழா முடிந்ததும் தரையில் போடக்கூடாது, தனியிடத்தில் மரியாதையோடு அப்புறப்படுத்த வேண்டும் என்கிறது கொடிச் சட்டத்தொகுப்பு. ஒரு பக்கம் கொடியைக் கையில் ஏந்தக் கற்றுக்கொடுத்துவிட்டு, மறுபக்கம் கிழித்து ஒட்டி எறியும் கொடியையும் ஒரே பெட்டியில் வைப்பது பொருத்தமில்லை.

விடுதலைப் போராட்ட வீரர்கள் அட்டைகளில் வழக்கமான பெரிய பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. மாநிலம் முழுவதும் விற்கும் பெட்டியில் நம் வட்டாரத்துக்குத் தனி இடம் எதிர்பார்க்க முடியாது என்றாலும், சுப்பிரமணிய சிவா விடுபட்டதை ஏற்க முடியவில்லை. தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்குக் கோயில் எழுப்பக் கனவு கண்டவர் அவர். 1925 ஜூலை 23 அன்று அங்கேயே மறைந்தார். அவருடைய மணிமண்டபமும் அங்கே இருக்கிறது. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த வீடும் நினைவில்லமாக நிற்கிறது. இந்த இரண்டு மாவட்டங்களிலும் பெட்டியை வாங்கும் ஆசிரியர்கள் அட்டைக் கட்டில் இந்த இரண்டு பெயரையும் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். பள்ளிச் சுற்றுலாவுக்கும் ஓர் இடம் கிடைத்தமாதிரி இருக்கும்.

அட்டைகள் தடிமனானவை, ஈரம் பட்டாலும் ஊறவில்லை. பெட்டியின் மூடி மட்டும் விரைவில் கிழிந்துவிட்டது. மணல் கடிகை கண்ணாடியால் ஆனது என்பதால் பெரியவர் கையில் இருப்பதே நல்லது. மரப் பீடத்தில் கொடித் தண்டு ஆடுகிறது; அடியில் கொஞ்சம் காகிதம் செருகினால் நேராக நிற்கும்.

வீட்டில் ஒரு குழந்தைக்காக 450 ரூபாய் கொடுத்து வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பள்ளிக்கு ஒன்று என்றால் வாங்கலாம். வாங்கிய அன்றே மாநிலக் கொடி அட்டையை எடுத்துவிட வேண்டும், சுவர்ப் படத்தில் கையைத் திருத்த வேண்டும், ஒலிப்பதிவை மறந்துவிட வேண்டும். மாநிலப் பக்கத்தின் பிழையைக் கடைக்காரரிடம் சொன்னேன். “அடுத்த லாட்டுல மாத்தச் சொல்றேன் டீச்சரம்மா, எழுதிக் குடுங்க” என்றார், எழுதிக் கொடுத்திருக்கிறேன். குடியரசு நாளுக்கு முன் வரும் சரக்கில் மாற்றியிருக்கிறார்களா என்று, வாங்குபவர்கள் பெட்டியைத் திறந்து அந்த ஓர் அட்டையை மட்டும் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். நூல் சக்கரத்துக்குப் பெட்டியில் தரும் நூற்கண்டு ஆறு அல்லது ஏழு குழந்தைகளுக்குத்தான் வரும். தீர்ந்தால் தையல் கடையில் கருநீல நூல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், கடைக்காரர் கொடுக்கும் வெளிர் நீலம் வேண்டாம்.